உம் கொட்டுகிறவர்கள்

காலை ஆறே முக்காலுக்கு இந்துக் கல்லூரி ரயில் நிலையத்தில் இறங்கி, நடந்து வந்து, ஆவடியை அடுத்த சேக்காட்டில் எங்கள் வீட்டு கேட்டை அக்கா திறக்கும்போது மணி ஏழு ஆகியிருக்கும். அம்மாவைப் பார்த்துக்கொள்ள மணவூரில் ரயில் ஏறி வருகிறவர் அவர். பையை ஓரமாக வைத்துவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு, நேரே அம்மாவின் கட்டிலுக்குப் போவார். பக்கவாதம் வந்து அம்மாவுக்கு வலப்பக்கம் ஓய்ந்து இரண்டு வருடம் ஆகிறது. பேச்சும் அன்றோடு நின்றது. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது. பதிலுக்கு வார்த்தைதான் வருவதில்லை. "உம்" என்ற ஒலி மட்டும் மிஞ்சியிருக்கிறது.

"அம்மா, இன்னிக்கு இட்லியா, கஞ்சியா?" என்று அக்கா கேட்பார். கேட்டுவிட்டு நிற்பார். அம்மாவின் கண் முதலில் ஜன்னலுக்குப் போகும். இடக்கை விரல்கள் படுக்கை விரிப்பைத் தேய்க்கும். உதடு குவிந்து பிரியும். ஒருநாள் கடிகாரத்தைப் பார்த்தேன்: அரை நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. பிறகு ஒரு "உம்". "கஞ்சியா?" இன்னொரு "உம்", இந்த முறை கொஞ்சம் அழுத்தமாக. அதுவரை அக்கா கட்டிலை விட்டு நகரவில்லை.

அதே கேள்வியை அக்கா வருவதற்கு முன்பு மாதக்கணக்கில் நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். கேட்ட வேகத்தில் பதிலையும் நானே சொல்லிக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவேன். வேளாவேளைக்குச் சாப்பாடு, மாத்திரை, சுத்தமான துணி என்று அம்மாவுக்கு நான் எந்தக் குறையும் வைக்கவில்லை. ஆனால் அந்த மாதங்களில் அம்மாவோடு நான் பேசவே இல்லை என்பது அக்கா நின்ற அந்த அரை நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது.

இரண்டு பேர் உண்மையிலேயே பேசிக்கொள்வது என்றால் என்ன, ஒருவரைப் பேணுவதற்கும் அவரோடு பேசுவதற்கும் என்ன உறவு என்ற கேள்வியை நூறு ஆண்டுகளாகத் தத்துவ அறிஞர்கள், மனநல மருத்துவர்கள், பெண்ணியச் சிந்தனையாளர்கள் பலரும் எடுத்துப் பேசியிருக்கிறார்கள். நம்மிடம் அதற்கும் மிகப் பழைய யோசனைகள் உண்டு. அவற்றையெல்லாம் அந்தக் கட்டில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்த்ததன் விளைவு இந்தக் கட்டுரை.

முதலில் நம் சொல்லிலிருந்தே தொடங்கலாம். பாட்டி கதை சொல்லும்போது பேரப்பிள்ளை "உம்" கொட்ட வேண்டும். உம் நின்றால் கதை நிற்கும், "தூங்கிட்டியா?" என்று பாட்டி கேட்பாள். கேட்கிறவன் விழித்திருக்கிறான், கூடவே வருகிறான் என்பதற்கு அதுதான் அடையாளம். இதற்குப் பக்கத்திலேயே தமிழில் இன்னொரு வழக்கு இருக்கிறது: "ஆமாம் போடுவது". இரண்டும் ஒப்புதல் ஒலிதான். ஆனால் ஆமாம் போடுகிறவர் எதிரிலிருப்பவரின் பதவியைக் கேட்கிறார். உம் கொட்டுகிறவர் அவர் சொல்வதைக் கேட்கிறார். ஆமாம் போடுகிறவருக்கு அடுத்த வரி என்னவாக இருந்தாலும் ஒன்றுதான். உம் கொட்டுகிறவருக்கு அடுத்த வரி வேண்டும்.

தொல்காப்பியச் செய்யுளியல் ஒரு செய்யுளுக்கு 34 உறுப்புகளைச் சொல்கிறது. அவற்றுள் கூற்று ஓர் உறுப்பு. கேட்போர் இன்னோர் உறுப்பு. யார் சொன்னது என்பதைப் போலவே யார் கேட்டது என்பதும் பாட்டின் உடம்பைச் சேர்ந்தது. தலைவி தோழியிடம் சொன்னதையே செவிலியிடம் சொன்னால் அது வேறு பாட்டு. கேட்கிறவரைப் பாட்டுக்கு வெளியே உட்காரவைக்காமல் உள்ளேயே ஓர் உறுப்பாக எண்ணிய இலக்கணம் நம்முடையது. அகப்பாட்டின் தோழியை நினைத்துப் பாருங்கள். தலைவி சொல்லாததையும் கேட்டுக்கொள்கிறவள் அவள்; வேளை வரும்போது தலைவிக்காகப் போய்ப் பேசுகிறவளும் அவளே. திருவள்ளுவர் 'கேள்வி' என்ற அதிகாரத்தைப் பொருட்பாலில், அரசியல் பகுதியில், கல்லாமைக்கும் அறிவுடைமைக்கும் நடுவே வைத்தார். செவி கொடுப்பதை நல்லொழுக்கமாக மட்டும் கருதாமல் ஆள்கிறவனுக்கு வேண்டிய தகுதியாக அவர் கண்டதை, மனு கொடுக்க வரிசையில் நின்ற எவரும் எளிதில் புரிந்துகொள்வார்கள்.

ஐரோப்பாவில் இந்தக் கேள்விக்குத் தன் வாழ்நாளைக் கொடுத்தவர் மார்ட்டின் பூபர். 1878-ல் வியன்னாவில் பிறந்த யூதர். மூன்று வயதில் பெற்றோர் பிரிந்துவிட, லெம்பெர்க் நகரில் தாத்தா பாட்டி வீட்டில் வளர்ந்தார். அந்த வீட்டில் யாரும் அவரிடம் அம்மாவைப் பற்றிப் பேசவில்லை. இன்றைக்கு வருவாள், நாளைக்கு வருவாள் என்று பிள்ளை காத்திருந்தது. ஒருநாள் மாடி முகப்பில் பக்கத்தில் நின்ற, கொஞ்சம் பெரிய பெண் ஒருத்திதான் சொன்னாள், அம்மா இனி வரவே மாட்டாள் என்று. பல ஆண்டுகளுக்குப் பின் தாயை நேரில் கண்டபோதும் அந்தச் சொல் அவர் காதை விட்டுப் போகவில்லை. இப்படிக் கைதவறிப்போன சந்திப்புக்கு ஜெர்மன் மொழியில் அவரே ஒரு புதுச்சொல் உண்டாக்கினார். உண்மையான சந்திப்பைப் பற்றித் தான் பின்னாளில் அறிந்துகொண்டதெல்லாம் அந்த மாடி முகப்பில் தொடங்கியது என்று எழுதினார்.

1923-ல் வந்த 'நானும் நீயும்' என்ற சிறு நூலின் சாரத்தை இப்படிச் சொல்லலாம். மனிதன் உலகத்தின் முன் இரண்டு விதமாக நிற்கிறான். ஒன்று, எதிரில் இருப்பதை 'அது' என்று எடுத்துக்கொண்டு அளப்பது, பயன்படுத்துவது, வகைப்படுத்துவது. மற்றது, எதிரில் இருப்பவரை 'நீ' என்று முழுமையாக எதிர்கொள்வது. 'அது' இல்லாமல் வாழ முடியாது. அம்மாவின் ரத்த அழுத்தத்தை நான் அளந்துதான் ஆகவேண்டும். ஆனால் அளப்பதிலேயே நின்றுவிட்டவன் மனிதனாக வாழவில்லை என்றார் பூபர். 1932-ல் நூலாக வந்த இன்னொரு கட்டுரையில் பேச்சை மூன்றாகப் பிரித்தார். எதிராளியை மனதில் கொண்டு, அவர்பால் திரும்பிப் பேசுவது. விவரம் தெரிந்துகொள்வதற்காக மட்டும் பேசுவது. இரண்டு பேர் உட்கார்ந்து தத்தமக்குத் தாமே பேசிக்கொண்டு அதை உரையாடல் என்று எண்ணிக்கொள்வது. முதல் வகைக்கு வாய்ப்பேச்சே தேவையில்லை, மௌனத்திலும் அது நடக்கும் என்றது எனக்கு மிகவும் பிடித்த இடம். எங்கள் வீட்டுக் கட்டில் பக்கத்தில் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அதே கட்டுரையில் அவர் தன் தவறு ஒன்றையும் சொல்கிறார். 1914-ல் ஓர் இளைஞர் அவரைப் பார்க்க வந்தார். தியான அனுபவத்தில் ஒரு காலைப் பொழுதைக் கழித்துவிட்டு வந்திருந்த பூபர் அன்பாகவே பேசினார், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். ஆனால் மனம் முழுதாக அங்கே இல்லை. அந்த இளைஞர் கேட்காத கேள்வி எது என்று அவர் தேடவில்லை. இளைஞர் போரில் இறந்தபின் அவருடைய நண்பர் மூலம் விஷயம் தெரிந்தது: சும்மா பேசிப்போக வரவில்லை, வாழ்வைத் தீர்மானிக்கும் கேள்வியோடு வந்திருந்தார். அதற்குப் பிறகு, அன்றாட வாழ்விலிருந்து தூக்கிச் செல்லும் ஆன்மிக அனுபவங்களை பூபர் கைவிட்டார்.

பூபரைத் தமிழில் படிக்கும்போது ஒரு சிக்கல் வருகிறது. அது மொழிபெயர்ப்பாளரின் சிக்கல் மட்டும் அல்ல. அவருடைய 'நீ' ஜெர்மன் மொழியில் நெருக்கமானவர்களுக்கு வழங்கும் சொல். தமிழ் 'நீ' அப்படி ஒரே முகம் கொண்டதல்ல. கடவுளை நீ என்கிறோம், பெற்ற தாயை நீ என்கிறோம், உயிர்த் தோழனை நீ என்கிறோம். அதே 'நீ'யைத்தான் நேற்றுப் பிறந்த பையன், தன் நிலத்தில் வேலை செய்யும் எழுபது வயதுப் பெரியவரைப் பார்த்தும் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரே சொல் ஓரிடத்தில் நெஞ்சோடு அணைக்கிறது. இன்னோரிடத்தில் ஆளை 'அது'வாக்குகிறது. பூபர் சொன்ன சந்திப்பு தமிழ்நாட்டில் நடக்க வேண்டுமானால், பல வீடுகளில் முதலில் 'நீ' போய் 'நீங்கள்' வர வேண்டியிருந்தது. 1925-ல் தொடங்கிய சுயமரியாதை இயக்கத்தின் பெயரே இதைச் சொல்கிறது. தன்னைவிடப் பல வயது இளையவர்களையும் பெரியார் "வாங்க" என்றுதான் அழைப்பார் என்று அவரோடு பழகியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். அது நாகரிகத்துக்காக மட்டும் வந்த பழக்கம் என்று எனக்குத் தோன்றவில்லை. உரையாடலுக்கு முதலில் தளம் சமமாக வேண்டும் என்ற நினைப்பு அதற்குள் இருக்கிறது.

இந்த இடத்தில் பூந்தமல்லிக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆவடியிலிருந்து பேருந்து ஏறினால் போய்விடக்கூடிய ஊர். திருக்கச்சி நம்பி பிறந்தது அங்கேதான். வைசிய குலத்தவர். காஞ்சியில் வரதராஜப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசும் தொண்டு செய்தவர். வீசும்போது பெருமாள் அவரோடு பேசுவார் என்பது வைணவ மரபு. 1017-ல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுஜர், வாய்விட்டுச் சொல்லாமல் மனதிலேயே வைத்திருந்த ஐயங்களுக்கு நம்பி மூலமாகத்தான் பெருமாளிடமிருந்து ஆறு வார்த்தைகள் பதிலாகக் கிடைத்தன. கேள்வியைக் கேட்காதவருக்கும் பதிலைக் கொண்டுவந்து சேர்த்தவர் நம்பி. பூபர் அந்த இளைஞரிடம் செய்யத் தவறியது இதுதான்.

அந்த நம்பியைத் தன் வீட்டில் சாப்பிட வைத்து, அவர் உண்ட மிச்சத்தைத் தான் உண்ண வேண்டும் என்று இராமானுஜர் ஆசைப்பட்டார். இலை போட்டு ஏற்பாடெல்லாம் செய்துவிட்டு நம்பியை அழைத்துவர ஒரு தெரு வழியாகப் போனார். நம்பியோ வேறு தெரு வழியாக வீட்டுக்கு வந்துவிட்டார். கோயில் வேலை இருக்கிறது என்று அவசரமாகச் சாப்பிட்டுப் போய்விட்டார். இராமானுஜரின் மனைவி தஞ்சம்மாள், வேறு குலத்தவர் உண்ட இடம் என்று இலையை எறிந்து, இடத்தை மெழுகி, குளித்து, புதிதாகச் சமைக்கத் தொடங்கியிருந்தார். திரும்பி வந்த இராமானுஜர் கண்டது ஈரத் தரையை. இரண்டு தெரு, ஒரு நடை: அவ்வளவில் தவறிப்போனது. ஆனால் தெரு மாறியதால்தான் தவறியது என்று சொல்லிவிட முடியாது. நம்பி வந்து உட்கார்ந்தார், உண்டார், உபசாரத்திலும் குறையில்லை. அந்த வீட்டில் அவரைச் சந்திக்க யாரும் இல்லை. தஞ்சம்மாளையும் நான் எளிதில் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. கணவர் தன் மனதில் ஓடியதை மனைவியிடம் பேசினாரா என்பதும் கதையில் இல்லை.

நம்பியைப் பற்றி இன்னொரு செய்தியும் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். தனக்கு வீடுபேறு உண்டா என்று அவர் பெருமாளிடம் கேட்டாராம். நீர் வீசினீர், நாம் பேசினோம், இரண்டுக்கும் சரியாகப் போயிற்று என்ற கருத்தில் பதில் வந்ததாம். உறவைக் கணக்காகப் பார்த்தால் கடவுளும் கணக்குப் பார்ப்பார் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

சாதி நடுவில் இருக்கும்போது உரையாடல் என்று பேசுவது எவ்வளவு கடினம் என்பதற்கு 1936-ம் ஆண்டே சாட்சி. லாகூரில் சாதி ஒழிப்புச் சங்கம் ஒன்று அம்பேத்கரைத் தலைமையுரைக்கு அழைத்தது. உரையை முன்கூட்டியே படித்துப் பார்த்துவிட்டுச் சில பகுதிகளை நீக்கச் சொன்னது. ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற அவர் சம்மதிக்கவில்லை. மாநாடே நடக்காமல் போயிற்று. நிகழ்த்தப்படாத அந்த உரையை அவர் தன் செலவில் நூலாக அச்சிட்டார். பெரியார் அதைத் தமிழில் வெளியிட்டார். அந்த நூலில் அம்பேத்கர் ஜனநாயகத்தை ஆட்சிமுறையாக மட்டும் காணவில்லை. அனுபவங்களை ஒருவரோடொருவர் பகிர்ந்து கூடி வாழும் முறையாகக் கண்டார். சகோதரத்துவம் இல்லாத இடத்தில் பேச்சு ஒரு பக்கமாகத்தான் ஓடும். பிரேசிலின் பாவ்லோ ஃபிரெய்ரே பின்னால் கல்வியை வைத்து இதையே சொன்னார்: பேசும் உரிமையைப் பறித்தவருக்கும் பறிகொடுத்தவருக்கும் நடுவே, பறித்தது திரும்பி வரும்வரை உரையாடல் கிடையாது.

காந்திக்கும் பூபருக்கும் நேர்ந்ததும் வருத்தம் தருவது. 1938 நவம்பரில் 'ஹரிஜன்' இதழில், ஜெர்மனியின் யூதர்கள் சத்தியாகிரகம் செய்யலாம் என்று காந்தி எழுதினார். அவரைப் பெரிதும் மதித்த பூபர் 1939 பிப்ரவரியில் நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். தன் மக்களுக்கு நடப்பது என்ன, சாட்சி சொல்லவும் ஆள் மிஞ்சாத இடத்தில் சத்தியாகிரகம் எப்படி நடக்கும் என்று கேட்டார். பதில் வரவில்லை. கடிதம் காந்தியின் கைக்கே போய்ச் சேரவில்லை என்றுதான் பலரும் கருதுகிறார்கள். உரையாடலைப் பற்றி உலகத்துக்கே சொன்னவரும், எந்த அஞ்சலட்டைக்கும் பதில் எழுதியவரும் இப்படித் தெரு மாறிப் போனார்கள்.

அடுத்த பெரிய விவாதம் உதவி செய்கிறவருக்கும் பெறுகிறவருக்கும் நடுவே உரையாடல் சாத்தியமா என்பது. 1957 ஏப்ரல் 18 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பூபரும் உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸும் மேடையில் நேருக்கு நேர் பேசினார்கள். ஆலோசகர் பாசாங்கு இல்லாமல் இருக்க வேண்டும், எதிரிலிருப்பவரை நிபந்தனையின்றி மதிக்க வேண்டும், அவர் கண்ணால் உலகத்தைப் பார்க்க வேண்டும், அப்போது ஆள் தானே மலர்வார் என்பது ரோஜர்ஸின் கொள்கை. ஆழமாகப் புரிந்துகொள்ளும் அந்த வேளையில் இருவரும் சமம் என்றார் அவர். பூபர் ஒப்பவில்லை. அவர் உன்னிடம் உதவி தேடி வந்திருக்கிறார், நீ அவரிடம் உதவி தேடிப் போகவில்லை. அவர் பக்கம் நின்று நீ பார்க்கலாம், உன் பக்கம் நின்று அவர் பார்க்க முடியாது. சூழ்நிலை உங்களைச் சமமாக விடாது என்றார். பிரெஞ்சு மொழியில் எழுதிய தத்துவ அறிஞர் லெவினாஸ் இன்னும் ஒரு படி போனார். எதிரிலிருப்பவர் எனக்குச் சமமே அல்ல, என்னைவிட உயரத்திலிருந்து என்னைக் கேட்கிறவர். பதிலுக்கு அவர் என்ன செய்வார் என்பது என் கவலை அல்ல என்றார். வடலூரில் 1867-ல் தருமச்சாலை அடுப்பை மூட்டிய வள்ளலார் இதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்து வருகிறார். பசித்தவரைக் கண்டு உருகுவது அவர் அயலார் என்பதால் அல்ல, உயிரால் உறவு என்பதால். அந்த அடுப்பு இன்றும் அணையவில்லை.

பூபர் சொன்னது சரியா, ரோஜர்ஸ் சொன்னது சரியா என்று இரண்டு வருடம் முன்பு கேட்டிருந்தால் பூபர் பக்கம் நின்றிருப்பேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். காரணம் கடைசியில் வரும்.

சந்திப்பு அருளைப் போல வருவது, திட்டம் போட்டுக் கொண்டுவர முடியாது என்றார் பூபர். அதை முழுதாக ஏற்க எனக்கு மனம் வரவில்லை. மழையை வரவழைக்க முடியாதுதான். ஏரியைத் தூர் வாரி வைக்கலாம் அல்லவா? சென்னையில் நாற்பது ஆண்டுகளாக அப்படித் தூர் வாரி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

1953-ல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், உயிரை விட நினைப்பவர்கள் கூப்பிட ஒரு தொலைபேசி வைத்தார். அவரைப் பார்க்கக் கூட்டம் வந்தது. காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுத்துணையாக இருக்கத் தன்னார்வலர்கள் சிலர் வந்தார்கள். சில மாதத்தில் அவர் ஒன்றைக் கவனித்தார்: பலர் தன்னார்வலரோடு பேசிய பிறகு பாதிரியாரைப் பார்க்காமலேயே நிம்மதியாகத் திரும்பிப் போனார்கள். படித்த ஆலோசகர் செய்ய வேண்டியதைத் தேநீர் கொடுத்தவர் செய்துவிட்டார். அவர் பொறுப்பைத் தன்னார்வலர்களிடமே விட்டுவிட்டார். அந்த வழியில் 1986-ல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் 'சிநேகா'வைத் தொடங்கினார். அங்கே போனை எடுப்பவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். புத்தி சொல்வதில்லை, கண்டிப்பதில்லை, மதம் பேசுவதில்லை; கேட்கிறார்கள். அழைத்தவர் சொன்னது வெளியே போகாது. பேச்சுத்துணை என்று தமிழ்நாட்டில் பாட்டிமார் சொல்லும் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

இப்படிப் பக்கத்தில் இருப்பது உயிரைக் காக்குமா என்பதை உலகச் சுகாதார நிறுவனம் அளந்தும் பார்த்தது. சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து இடங்களில், தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. மற்றதற்கு அதோடு ஒரு மணி நேரப் பேச்சும், பிறகு பதினெட்டு மாதத்தில் ஒன்பது முறை நலம் விசாரிப்பும். தொலைபேசியில் அல்லது நேரில். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதுதான் முக்கியமான வேலை. 2008-ல் வெளியான முடிவின்படி வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 2.2 விழுக்காட்டினர் பின்னர் தற்கொலையால் இறந்தார்கள். நலம் விசாரிக்கப்பட்ட பிரிவில் 0.2. ஓர் ஆய்வை வைத்து எல்லாவற்றையும் நிறுவ முடியாது. ஆனாலும் 'சந்திப்பைத் திட்டமிட முடியாது' என்ற வாக்கியத்தின் அருகே இந்த எண்ணை எழுதி வைக்கத் தோன்றுகிறது. ஒன்பது முறையும் நாள் குறித்துத்தான் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட பின் நடந்ததை யாரும் குறித்துக் கொடுக்கவில்லை.

எங்கள் பக்கத்திலேயே, அம்பத்தூரைத் தாண்டி முகப்பேரில், 'பானியன்' அமைப்பின் 'அடைக்கலம்' இருக்கிறது. தெருவில் மனநோயோடு அலைந்த பெண்களுக்காக வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993-ல் தொடங்கியது. மனநோய்க்காரர்களை அடைத்து வைக்கும் வழக்கம் சென்னையில் 1794 முதல் உண்டு. கீழ்ப்பாக்கம் வளாகம் 1871-ல் வந்தது. அடைப்பதிலிருந்து அடைக்கலத்துக்கு வரவே இருநூறு ஆண்டு பிடித்தது. அதற்கு மேலும் ஒரு படி உண்டு என்று அவர்கள் கண்டார்கள். குணமாகியும் திரும்பிப் போக வீடில்லாதவர்கள், அன்பான விடுதியிலும் விடுதிவாசிகள்தானே? அதனால் 2015 வாக்கில், நாலைந்து பேராகச் சேர்ந்து சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் குடியிருக்க, துணைக்கு ஒருவர் உடனிருக்க ஏற்பாடு செய்தார்கள். இன்றைக்கு என்ன குழம்பு என்பதில் அவர்களுக்குள் சண்டை வரலாம். கோபித்துக்கொண்டு ஒருவர் பேசாமல் இருக்கலாம், பக்கத்து வீட்டம்மாவிடம் கறிவேப்பிலை கேட்கலாம். சிகிச்சை மொழியில் இதற்கெல்லாம் பெயர் இருக்கும். என் பார்வையில், சண்டை போடும் உரிமை திரும்பக் கிடைப்பது ஒருவர் மறுபடி 'நீ'யாக ஆவதன் முதல் அறிகுறி.

இனி பேணுகிறவர்கள் பக்கம். 1982-ல் கேரல் கில்லிகனும் 1984-ல் நெல் நாடிங்ஸும் அறவியலில் ஒரு புதிய வழியைத் திறந்தார்கள். அறம் என்றால் விதி, நீதி, உரிமை என்றே அதுவரை பேசப்பட்டது. குழந்தையையும் நோயாளியையும் பார்த்துக்கொள்ளும் பெண்களின் அனுபவத்திலிருந்து அறத்தைப் பேசக்கூடாதா என்று கேட்டார்கள். நாடிங்ஸ் பூபரைப் படித்தவர். பேணுகிறவர் தன் கவலையை ஒதுக்கிவைத்து எதிராளியின் மேல் முழுக்கவனம் வைக்கிறார். அதோடு விஷயம் முடியவில்லை, பேணப்படுகிறவர் அதை ஏற்று ஏதேனும் ஒரு விதத்தில் பதில் காட்டினால்தான் பேணுதல் முழுமையாகிறது என்றார். குழந்தையின் சிரிப்பு, நோயாளியின் தளர்ந்த முகம், எதுவாகவும் இருக்கலாம். தமிழில் 'கவனிப்பு' என்ற ஒரே சொல் கூர்ந்து பார்ப்பதையும் குறிக்கிறது, பராமரிப்பதையும் குறிக்கிறது. நாடிங்ஸ் பக்கம் பக்கமாக விளக்கியதை இந்தச் சொல் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. அலுவலகங்களில் அதே சொல்லைக் கையூட்டுக்கும் பயன்படுத்துவது அந்தச் சொல்லுக்கு நாம் செய்யும் துரோகம்.

அதே வழியில் வந்த ஜோன் ட்ரோன்டோ 1993-ல் எழுப்பிய கேள்விதான் எனக்கு மிக அவசியமாகப் படுகிறது. பேணுதலில் அக்கறை கொள்வது, பொறுப்பேற்பது, கையால் செய்வது, பெறுவது என்று படிகள் உண்டு. முதல் இரண்டும் வசதி உள்ளவர்களிடமும், மூன்றாவது படியில் வரும் வேர்வை வேலை ஏழைகளிடமும் பெண்களிடமும் போய்ச் சேர்கிறது என்றார். சேக்காட்டில் இதற்குப் புத்தகம் தேவையில்லை. காலை ரயிலில் மணவூர், கடம்பத்தூர், செவ்வாப்பேட்டை என்று ஏறி ஆவடிப் பக்கம் இறங்கும் பெண்களில் எத்தனை பேர் யாரோ ஒருவரின் தாய்க்குத் தலை வாரிவிடப் போகிறார்கள்! அவர்களுடைய தாயை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாக வந்து சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை தரும் தன்னார்வலப் பெண்களும் அப்படித்தான். அவர்கள் வாசலில் நின்று இரண்டு வார்த்தை அதிகம் பேசினால் எங்கள் தெருக் கிழவிகளின் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். பதிவேட்டில் அந்த இரண்டு வார்த்தைக்குக் கட்டம் கிடையாது. உரையாடலைப் பற்றிய எந்தத் தத்துவமும், காத்து நிற்கும் அரை நிமிடத்துக்கு யார் கூலி கொடுப்பது என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு முழுமையாகாது. திண்ணை போனதால் பேச்சு போயிற்று என்று வருந்துகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். அந்தத் திண்ணையில் எல்லோரும் உட்கார முடிந்ததில்லை. உள்ளே அடுப்படியில் இருந்தவளுக்கு அங்கே இடமே கிடையாது.

போன மாதம் ஒரு மத்தியானம். மின்சாரம் இல்லை. அம்மாவின் கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் அடுத்த அறையில் இருந்தேன். அக்கா தன் மகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டில் ஏதோ சொல்லிவிட்டார்கள், பெண் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, காலையில் அவளை அப்படியே விட்டுவிட்டு ரயில் ஏற வேண்டியதாயிற்று. எங்கள் யாரிடமும் அவர் இதைச் சொன்னதில்லை. நாங்கள் கேட்டதும் இல்லை. நடுநடுவே நிறுத்தினார். நிறுத்தியபோதெல்லாம் கட்டிலிலிருந்து "உம்" வந்தது. ஓரிடத்தில் அக்கா வெகுநேரம் பேசவில்லை. கீரை ஆயும் சத்தமும் இல்லை. எழுந்து போய்ப் பார்க்கலாமா என்று நினைத்தேன். அப்போது அம்மாவின் குரல் மறுபடி, கேள்வியாக, கொஞ்சம் இழுத்து: "உம்?"

"சொல்றேம்மா" என்றார் அக்கா.